2 வயசு, பேச்சு வரலை, கூப்பிட்டா திரும்பலை: எங்கே தொடங்குறது?

#1 கொன்றை

வாரத்துக்கு ஒரு தடவையாவது இதே கேள்வி புது இழையா வருது. ஒரே இடத்தில் போட்டுடலாம்னு தொடங்கறேன். நான் எழுதறது பேச்சு-மொழி சிகிச்சைப் பக்கத்திலிருந்து. மருத்துவம், சான்றிதழ் பக்கம் தெரிஞ்சவங்க கீழே சேருங்க. சொந்த அனுபவக் கதை வேண்டாம். எதை எப்படிச் செய்யறது, எங்கே சொதப்புது, அது போதும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஆட்டிசமான்னு கண்டறியறது ஒரு க்யூ, அரசு சான்றிதழ் ஒரு க்யூ, பயிற்சி ஒரு க்யூ. மூணும் தனித்தனி. பெரும்பாலான வீடுகளில் இதை ஒரே க்யூவா நினைச்சு, "டாக்டர் உறுதியாச் சொல்லட்டும், அப்புறம் தெரபி"ன்னு எட்டு மாசம் போயிடுது. பேச்சும் சைகையும் தாமதம்னு தெரிஞ்சாலே பயிற்சியைத் தொடங்கிடலாம். பேர் அப்புறம் வரட்டும்.

எதைப் பார்க்கணும்: 12 மாசத்துக்குள்ள பேர் சொன்னா திரும்பணும். டாட்டா காட்டறது, கை தூக்கி 'தூக்கு'ன்னு கேக்கறது மாதிரி சைகை வந்திருக்கணும். 16 மாசத்தில் ஒரு வார்த்தையாவது, 24 மாசத்தில் 'அம்மா வா', 'பால் வேணும்'னு தானாச் சேர்த்துச் சொல்ற ரெண்டு வார்த்தை. இதெல்லாம் தாமதம்னா டாக்டர்கிட்ட போங்க. வந்த பேச்சோ, சிரிப்போ, சைகையோ எந்த வயசுல காணாமப் போனாலும் ஒரு மாசம்கூடப் பார்த்துட்டு இருக்க வேண்டாம்.

சுட்டிக்காட்டறதுல ரெண்டு வகை இருக்கு. பிஸ்கட் டப்பாவைக் காட்டினா அது 'எனக்கு வேணும்'. வானத்துல போற ஹெலிகாப்டரைக் காட்டிட்டு உங்க முகத்தைத் திரும்பிப் பார்த்தா அது 'நீயும் பாரு'. ரெண்டாவதுதான் முக்கியம். அது இல்லாம, உங்க மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ் கைப்பிடி மேல வெச்சா, உங்க கையை ஒரு கருவி மாதிரி பயன்படுத்தறான்னு அர்த்தம். முகத்தைப் பார்க்காம அப்படிச் செஞ்சா குறிச்சு வெச்சுக்கங்க.

#2 மதுரைமல்லி

அக்கா, பேர் சொல்லிக் கூப்பிடற டெஸ்ட்டை வீட்டில எப்படிச் சரியாப் பண்றது? சில நேரம் திரும்பறான், சில நேரம் இல்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

#3 கொன்றை

நல்ல கேள்வி. இதுல மூணு தப்பு சகஜம். ஒண்ணு, நாள் முழுக்க 'குட்டி', 'தங்கம்'னு கூப்பிட்டுட்டு டெஸ்ட்டுக்கு மட்டும் ஜாதகப் பேரைச் சொல்றது. அவன் தினமும் கேக்கிற பேரைச் சொல்லுங்க. ரெண்டு, தோளைத் தொட்டுக்கிட்டே கூப்பிடறது, இல்லை எதிர்ல போய் நின்னு கூப்பிடறது. மூணு, சிப்ஸ் பாக்கெட்டோட போறது. கவர் சரசரத்தா எந்தக் குழந்தையும் திரும்பும்.

டிவி, ஃபோன் நிறுத்தியிருக்கணும். அவன் ஏதோ விளையாடிட்டு இருக்கும்போது பின்பக்கம், கொஞ்சம் பக்கவாட்டில், ஆறடி தள்ளி நின்னு சாதாரணக் குரல்ல ஒரு தடவை. அஞ்சு நொடி விட்டு மறுபடி. வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு ஆள். மொத்தம் பத்து தடவை கூப்பிட்டதில் எத்தனை தடவை முகத்தைப் பார்த்தான்னு எழுதுங்க. 'சில நேரம்'ங்கிறது டாக்டருக்கு உதவாது. 'பத்துக்கு ரெண்டு' உதவும்.

#4 நிழல்மரம்

குழந்தை மருத்துவப் பக்கத்திலிருந்து.

ஆட்டிச அபாயம் இருக்கிறதா என்று முதலில் சலித்துப் பார்க்கும் எம்-சாட்-ஆர் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், பெற்றோரே நிரப்பலாம், கட்டணம் இல்லை. பொதுவாக 'இல்லை' என்ற விடைக்கு ஒரு மதிப்பெண். ஆனால் 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் 'ஆம்' என்றால் மதிப்பெண். காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டதுண்டா, கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைக்கிறதா, மிக்ஸி போன்ற அன்றாடச் சத்தத்துக்குப் பதறுகிறதா என்பவை அந்த மூன்றும். வீட்டில் கூட்டிப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

0–2 வந்தால் அபாயம் குறைவு. 2 வயதுக்கு முன் நிரப்பியிருந்தால் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பின் மறுபடி நிரப்ப வேண்டும். 3–7 என்றால் தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, பயிற்சி பெற்றவர் உதாரணம் கேட்டு நேர்காணல் செய்வார். அதற்குப் பிறகும் 2 அல்லது மேல் நின்றால் முழு மதிப்பீடு. 8 அல்லது மேல் என்றால் நேர்காணலுக்குக் காத்திருக்காமல் நேராக மதிப்பீட்டுக்கு.

இன்னொன்று. 'ஒரு தடவை செஞ்சிருக்கான்' என்பதற்கு 'ஆம்' போடாதீர்கள். வழக்கமாகச் செய்யாவிட்டால் 'இல்லை' என்றே குறிக்க வேண்டும் என்று தாளின் தலைப்பிலேயே இருக்கிறது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 'போன தீபாவளிக்கு டாட்டா காட்டினானே' என்று சொல்லச் சொல்ல மதிப்பெண் இறங்குவது வாடிக்கை.

இது சலிக்கும் கருவி மட்டுமே. 8 வந்தால் ஆட்டிசம் என்று ஆகாது, 2 வந்தால் இல்லை என்றும் ஆகாது. உங்கள் மனசு உறுத்தினால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் போங்கள்.

#5 அரைக்காற்புள்ளி

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்"னு வீட்ல பெரியவங்க சொல்றாங்களே, அதுல உண்மையே இல்லையா?

#6 கொன்றை

பேச்சு மட்டும் தாமதமாகி, அப்புறம் எட்டிப் பிடிக்கிற குழந்தைகள் உண்டு. ஆனா அவங்க சைகையில வெளுத்து வாங்குவாங்க. விரல் நீட்டுவாங்க, தலையாட்டுவாங்க, ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுவாங்க, நீங்க சொல்றது புரியும், மூக்கு எங்கேன்னா தொட்டுக் காட்டுவாங்க. பேச்சும் இல்லை, சைகையும் இல்லை, புரியறதும் குறைவுன்னா அப்பா கதை இங்கே பொருந்தாது.

#7 நிழல்மரம்

மதிப்பீட்டுக்கு முன் காதுப் பரிசோதனை. இதைத் தவிர்க்கவே முடியாது. 'டிவி விளம்பரம் வந்தா ஓடி வர்றான், காது நல்லா கேக்குது' என்பார்கள். குறைந்த அதிர்வெண் ஒலி கேட்டு, 'ஸ', 'ச', 'த' போன்ற மெல்லிய உயர்ந்த ஒலிகள் கேட்காத குறைபாடு உண்டு. விளம்பரத்துக்கு ஓடி வருவதால் அது தெரியாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்பது மங்கும்.

ஓஏஈ சோதனை உள்காதின் முடிச்செல்கள் வேலை செய்கிறதா என்று பார்க்கும், சில நிமிடத்தில் முடியும். பெரா சோதனை நரம்பு வழியே மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று பார்க்கும். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. வழியில் பஸ்ஸில் பத்து நிமிடம் தூங்கிவிட்டால் அன்றைய வேலை கெட்டது, ஒருவர் கூடவே இருந்து விழிக்கவைக்க வேண்டும். தூக்க மருந்து தேவையென்றால் எடை பார்த்து அங்கேயே கொடுப்பார்கள். வீட்டிலிருந்து கொடுத்துக் கூட்டி வரவே கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைப் பார்த்து, விளையாடவைத்து, பெற்றோரிடம் விவரம் கேட்டுத்தான் கண்டறிகிறோம். எம்ஆர்ஐ ஸ்கேன், ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எல்லோருக்கும் வழக்கமாக எடுக்க வேண்டியவை அல்ல. வலிப்பு இருந்தாலோ, வலிப்பாக இருக்குமோ என்று தோன்றினாலோ, வந்த திறன்கள் போனாலோ ஈஈஜி. தலைச் சுற்றளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, கைகால் இறுக்கமோ தளர்வோ ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ எம்ஆர்ஐ. மண், சுண்ணாம்பு, பெயிண்ட் தின்கிற குழந்தைக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), ஈயம் பார்ப்பது நியாயம். மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் பேசலாம், குறிப்பாக அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்கள். ஆனால் அதன் முடிவுக்காகப் பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டாம்.

#8 மதுரைமல்லி

எந்த டாக்டர் சார்? எங்க ஊர்ல குழந்தை டாக்டர் 'மூணு வயசு வரை பார்க்கலாம்'னு சொல்லி அனுப்பிடறாங்க.

#9 நிழல்மரம்

வளர்ச்சிக் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், இவர்களில் ஒருவர். கூடவே மருத்துவ உளவியலாளர். 'பார்க்கலாம்' என்று சொன்னால், 'எம்-சாட் இத்தனை வந்திருக்கு, காதுப் பரிசோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் பரிந்துரைக் கடிதம் கொடுங்க' என்று நேராகக் கேளுங்கள். தாளைக் கையில் வைத்துக் கேட்டால் மறுப்பது அரிது.

அரசு வழியும் இருக்கிறது. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வரும். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழுவுக்காகக் காத்திராமல் குழந்தைகள் பிரிவு ஓபி சீட்டு வாங்கி நீங்களே போகலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு நிப்மெட் நிறுவனம், வேலூர் சிஎம்சி-யின் வளர்ச்சிக் குழந்தை மருத்துவப் பிரிவு, அண்டை மாநிலத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ். பெரிய இடங்களில் தேதி கிடைக்க நாளாகும். இரண்டு இடத்தில் பதிந்துவையுங்கள்.

போகும்போது ஒரு பென்ட்ரைவோ ஃபோனோ, அதில் 2 நிமிட வீடியோ நான்கு: தனியாக விளையாடுவது, அம்மாவோடு விளையாடுவது, சாப்பிடுவது, வேறு குழந்தை பக்கத்தில் இருக்கும்போது. 'கண்ணா இங்க பாரு, சிரி' என்று குரல் கொடுக்காமல் எடுங்கள். ஓபி அறையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

#10 அரைக்காற்புள்ளி

'வெர்ச்சுவல் ஆட்டிசம்', ஃபோன் பார்த்துத்தான் வருது, நிறுத்தினா சரியாயிடும்னு ரீல்ஸ் எல்லாம் ஓடுதே?

#11 கொன்றை

டாக்டர்கள் வெச்சுக் கண்டறியற நோய்ப்பட்டியல் ரெண்டு, டிஎஸ்எம்-5, ஐசிடி-11. அப்படி ஒரு நோய்ப்பெயர் ரெண்டுலயும் இல்லை. ஃபோனைக் குறைக்கணும்கறதுல மாற்றுக்கருத்தே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது: ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2–4 வயசுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ஃபோனை எடுத்த இடத்துல ஆள் வந்து உக்காரணும், அதுதான் விஷயம். வெறும் ஃபோனைப் பிடுங்கிட்டு, 'ஆறு மாசம் பார்க்கலாம்'னு மதிப்பீட்டுத் தேதியைக் கேன்சல் பண்றாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். ஃபோனைக் குறைங்க, காதைப் பாருங்க, தேதியையும் வைங்க. மூணும் ஒரே வாரத்துல.

அதே மாதிரி இன்னொரு அபத்த அறிவுரை: 'குழப்பம் வரும், வீட்ல தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க'. ரெண்டு மொழி கேக்கறதால ஆட்டிசம் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகறதில்லை. உங்களுக்குத் தாலாட்டவும் கொஞ்சவும் எந்த மொழி வருமோ அதுல பேசுங்க.

#12 தூளி

ஆக்குபேஷனல் தெரபிப் பக்கம் நான், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி கொடுக்கறது. க்யூவில் நிக்கற மாசங்கள்ல வீட்ல செய்ய ரெண்டு விஷயம் மட்டும் விவரமா எழுதறேன். இருபது எழுதினா ஒண்ணுகூட நடக்காது.

முறுக்கு டப்பா. உள்ளே இருக்கறது தெரியற, குழந்தையால திறக்க முடியாத இறுக்கமான மூடி போட்ட டப்பா. ஒரு முறுக்கை நாலா உடைச்சுப் போடுங்க, முழுசாக் கொடுத்தா ஒரு வாய்ப்போட முடிஞ்சிடும். அவன் கண் மட்டத்துக்கு நீங்க கீழே உக்காருங்க. டப்பாவை உங்க முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. பேசாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுங்க. கையைப் பிடிச்சு இழுப்பான். அப்போ அவன் ஆள்காட்டி விரலை மென்மையா நீட்டவெச்சு டப்பாவைத் தொடவெச்சு, 'திற'ன்னு ஒரே வார்த்தை, உடனே திறந்து ஒரு துண்டு. 'என்ன வேணும் சொல்லு, சொன்னாத்தான் தருவேன்'னு மிரட்டறது இல்ல இது. சொல்லலைன்னாலும் கிடைக்கும், கேக்கற முயற்சிக்குக் கிடைக்கும். அழ ஆரம்பிச்சா நீங்க ரொம்ப நேரம் காத்துட்டீங்கன்னு அர்த்தம், அடுத்த தடவை ரெண்டு நொடி போதும். நாளுக்கு ரெண்டு வேளை, வேளைக்கு நாலு துண்டு.

ரெண்டாவது, உள்ளங்கையில பருப்பு கடையறது. நம்ம வீட்டு விளையாட்டுதான். கடைஞ்சு, பங்கு வெச்சு, விரலால நடந்து கைமேல ஏறி, அக்குள் பக்கம் வந்ததும் நிறுத்திடுங்க. கிச்சுகிச்சு மூட்டாதீங்க. முகத்தைப் பார்க்கற அந்த நொடிக்குக் காத்திருங்க, பார்த்ததும் மூட்டுங்க. தினமும் ஒரே மாதிரி, ஒரே வரிசை. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாத்தான் எதிர்பார்ப்பு வரும், எதிர்பார்ப்பு வந்தாத்தான் பார்வை வரும். கிச்சுகிச்சு பிடிக்காத, தொட்டா கூசற குழந்தைன்னா அக்குளுக்குப் பதிலா உள்ளங்கையை அழுத்திப் பிடிங்க, இல்ல தூளியில வெச்சு ஆட்டி நடுவுல நிறுத்துங்க.

#13 கொன்றை

இதோட ஒண்ணு சேர்க்கறேன். சில குழந்தைகள் தாகம் எடுத்தா 'தண்ணி வேணுமா?'ன்னு நம்ம ராகத்துலயே கேக்கும். கேள்வி கேக்கலை, நம்ம வாக்கியத்தை அப்படியே திருப்பித் தருது. எதிரொலிப் பேச்சுன்னு இதுக்குப் பேரு. இதைத் திட்டி நிறுத்தாதீங்க, அதுதான் அவன் கையில இருக்கற மொழி. நீங்க கேக்கறதை மாத்துங்க: டம்ளரைக் காட்டி, அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே நீங்க சொல்லுங்க, 'தண்ணி வேணும்'. அவன் திருப்பிச் சொன்னாலே அது சரியான வாக்கியம் ஆயிடும்.

வேணுங்கறதைக் காட்டப் படஅட்டையோ, படத்தைத் தொட்டா பேசற ஆப்போ கொடுத்தா பேச்சு வராதுன்னு ஒரு பயம் இருக்கு. அது தடுக்கறதில்லை. சென்னையில உருவான ஆவாஸ் ஆப்ல தமிழும் இருக்கு. பேச்சு வராத குழந்தைக்கு நாலு வயசு வரை காத்திருந்து கடைசி முயற்சியாக் கொடுக்கறது சரியில்ல. முதல்லயே கொடுங்க.

#14 அரைக்காற்புள்ளி

தெரபி சென்டர் தெருவுக்கு ஒண்ணு இருக்கு. எதை நம்பறது?

#15 தூளி

பேச்சு சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் மூவரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில பதிவு செஞ்சிருக்கணும். பதிவு எண்ணைக் கேளுங்க, அந்த மன்றத்தோட இணையதளத்தில தேடிப் பார்க்கலாம். எங்க ஆக்குபேஷனல் தெரபி அந்த மன்றத்துல வராது, அதனால எங்ககிட்ட பட்டத்தைக் கேளுங்க. 'மூணு மாச ஆன்லைன் சர்டிஃபிகேட் கோர்ஸ்' முடிச்ச சான்றிதழைச் சுவரில சட்டம் போட்டு மாட்டியிருப்பாங்க, அது பட்டம் இல்லை.

பெற்றோரை வெளியில உக்காரச் சொல்லி 45 நிமிஷம் கதவைச் சாத்தற இடம் வேண்டாம். வாரத்துக்கு மூணு மணி நேரம் அங்கே, மீதி விழிச்சிருக்கற நேரமெல்லாம் வீட்டில. உங்களுக்குக் கத்துக்கொடுக்காத தெரபி மூணு மணி நேரத்தோட நின்னுடும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த பாஸ் ஆய்வு 2016-ல லான்செட் சைக்கியாட்ரியில வந்தது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்குப் போய், பெற்றோர் குழந்தையோட விளையாடற வீடியோவை அவங்களுக்கே போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாங்க. பெற்றோர் பதில் கொடுக்கற விதமும், குழந்தை தானாத் தொடங்கற தொடர்பும் மேம்பட்டது.

இலக்கை எழுத்துல கேளுங்க. 'கவனம் கூடும், ஐ கான்டாக்ட் வரும்' இலக்கு இல்லை. 'ஆறு வாரத்துல, சாப்பாட்டு நேரத்தில் அஞ்சு தடவை தானா விரல் நீட்டிக் கேக்கணும்', அது இலக்கு. ஆறு வாரம் கழிச்சு அதை எண்ணிப் பார்க்கலாம். மூணு மாசமா எண்ணே மாறலைன்னா குழந்தையைக் குறை சொல்லாம முறையை மாத்தச் சொல்லுங்க. ஒரு வருஷப் பேக்கேஜ் மொத்தமாக் கட்டச் சொன்னா வெளியே வந்துடுங்க.

#16 நிழல்மரம்

இதைத் தனியாகச் சொல்கிறேன். ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் கீலேஷன் மருந்து ரத்தத்தில் கால்சியத்தைக் குறைத்து உயிரையே எடுத்திருக்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறையும் அதே ரகம். கோதுமையும் பாலும் நிறுத்துகிற டயட்டுக்கு வலுவான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே தயிர்சாதமும் பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிடும் குழந்தைக்குப் பாலை நிறுத்தினால் கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்?

ரிஸ்பெரிடோன் ஆட்டிசத்துக்கு மருந்தல்ல. தன்னைத்தானே அடித்துக்கொள்வது, கடும் எரிச்சல் போன்றவற்றுக்கு மருத்துவர் கண்காணிப்பில் தருவது. பசியும் எடையும் கூடும், எடையைக் குறித்துவர வேண்டும்.

#17 கோப்புக்கட்டு

சான்றிதழ் பக்கம் நான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று இருக்கும். வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதே ஆட்டிசம்தான். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

சதவீதம் எடுப்பது ஐஎஸ்ஏஏ என்ற, ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலில். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70–106 லேசானது, 107–153 நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இங்கேதான் சிக்கல்: குழந்தை அன்று ஏ.சி. அறையில் அமைதியாக லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மாவும் 'எல்லாம் பரவாயில்லைங்க' என்று சொன்னால், 66 வந்து நிற்கும். மகிழ்ச்சிக்காகக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், சலுகைக்காகக் கூட்டவும் வேண்டாம். வழக்கமான ஒரு நாளில் என்ன நடக்குமோ அதை உதாரணத்தோடு சொல்லுங்கள்.

யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, பழைய மருத்துவ அறிக்கைகள். ஆதாரில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் திரும்பி வருவது இதனால்தான். சிறு வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போங்கள்.

#18 மதுரைமல்லி

சான்றிதழ் வாங்கினா பின்னாடி ஸ்கூல், கல்யாணம் எல்லாத்துக்கும் பிரச்சினைன்னு வாங்கவே விடமாட்டேங்கறாங்களே சார்.

#19 கோப்புக்கட்டு

வாங்குவதும் காட்டுவதும் வேறு வேறும்மா. பீரோவில் இருக்கட்டும், தேவைப்படும் இடத்தில் மட்டும் காட்டலாம்.

அது இருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஓபி செலவும் தெரபியும் அதில் துணை வரம்போடு வரும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். தெரபி ரசீதில் தேதி, எத்தனை அமர்வு, சிகிச்சையாளரின் பதிவு எண், முத்திரை நான்கும் வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு துண்டுச் சீட்டு வாங்கினால் திருப்பி அனுப்புவார்கள்.

2026 மார்ச் வரை அமலில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், பழைய வரிமுறையில் இருந்தவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு கிடைத்தது, 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000. செலவு எவ்வளவு என்று பார்க்கவில்லை, தொகை அப்படியே. ஆட்டிசத்துக்குச் சாதாரணச் சான்றிதழ் போதவில்லை, படிவம் 10-ஐஏ கேட்டார்கள். ஆடிட்டர்களே சிலர் இதை விட்டுவிட்டார்கள். இப்போதைய பிரிவையும் படிவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி: 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் உரிமை. 'எங்களிடம் ஸ்பெஷல் டீச்சர் இல்லை' என்று வாயால் சொல்லி அனுப்பினால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீல் கேளுங்கள். சீல் கேட்டதும் பேச்சின் தொனி மாறிவிடும். அதற்கும் மசியாவிட்டால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

#20 மதுரைமல்லி

இன்னும் மூணு வயசு ஆகலை, அங்கன்வாடியில விடலாமா, இல்ல பேச்சு வந்ததுக்கு அப்புறமா?

#21 தூளி

விடுங்கம்மா. முதல் வாரம் அரை மணி நேரம், சத்தம் குறைவா இருக்கற நேரத்துல, நீங்க கூடவே. சத்துமாவு உருண்டை கொடுக்கற நேரத்துக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனா, எல்லாரோடயும் உக்கார ஒரு காரணம் கிடைக்கும். டீச்சர்கிட்ட ஒரு துண்டுத் தாள் எழுதிக் கொடுங்க, நாலே வரி: என்ன பேர் சொன்னா திரும்புவான், எந்தச் சத்தத்துக்கு காதைப் பொத்துவான், பாத்ரூம் வந்தா எப்படிக் காட்டுவான், அழுதா எது அடக்கும். கேட் தாழ்ப்பாள் உயரத்தையும் பார்த்துடுங்க. இந்தக் குழந்தைகள் சத்தமில்லாம வெளியே போயிடும்.